கிளவுடில் எங்கே வைப்பது? செங்கல், அலமாரி, கொள்கலன்: மூன்று வகைச் சேமிப்பு

மாணவர்களே, “படங்களையெல்லாம் கிளவுடில் போட்டுவிட்டேன், இனிக் கவலையில்லை” என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கிளவுட் என்றால் மேகம். ஆனால் உங்கள் படம் மேகத்தில் மிதப்பதில்லை. குளிரூட்டப்பட்ட ஒரு கட்டடத்தில், இரும்புச் சட்டங்களில் அடுக்கிய கணினிகளுக்குள், ஏதோ ஒரு வட்டில் அது பதிந்திருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து அதிக தூரமில்லாத சைபர்ஜெயாவில் இத்தகைய தரவு மையங்கள் பல உள்ளன. 2024 ஆகஸ்ட் 22 அன்று அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனம் மலேசியாவுக்கெனத் தனி கிளவுட் வட்டாரத்தைத் திறந்தது. அதில் ஒன்றிலிருந்து ஒன்று விலகி, தனித்தனி மின் வசதியுடன் இயங்கும் மூன்று மண்டலங்கள் உள்ளன. 2038 வரை 620 கோடி அமெரிக்க டாலர் முதலீடு செய்யப்போவதாகவும் அந்நிறுவனம் அறிவித்துள்ளது.

எனவே இன்று ஒரு மலேசிய மாணவர் சொந்தமாக ஓர் இணையத்தளமோ செயலியோ உருவாக்கினால், தரவை நம் நாட்டிலேயே வைக்க முடியும். ஆனால் கணக்கைத் திறந்தவுடன் ஒரு கேள்வி எழும்: “எந்த வகைச் சேமிப்பு வேண்டும்?” பிளாக், ஃபைல், ஆப்ஜெக்ட் என்று மூன்று பெயர்கள் திரையில் தெரியும். எதையாவது அழுத்திவிட்டால் என்ன ஆகும்? பணம் வீணாகலாம். தளம் மெதுவாகலாம். மோசமான நிலையில், தரவே திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

நீங்கள் டெலிமா கணக்கில் பயன்படுத்தும் கூகள் டிரைவ் போன்றவை சமைத்துப் பரிமாறப்பட்ட உணவு. எந்தச் சேமிப்பு வகை என்பதை நிறுவனமே தேர்ந்தெடுத்துவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது அடுப்படி.

ஒரு திட்டம்

கிள்ளானில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியின் தமிழ்மொழிக் கழகம் ஒரு நினைவுக் களஞ்சியம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் பால் வெட்டிய பாட்டிகளையும், பிரிக்பீல்ட்ஸில் குடியிருந்த ரயில்வே ஊழியர் குடும்பங்களையும் பேட்டி கண்டு காணொளியாகப் பதிவு செய்கிறார்கள். வீடுகளில் இருக்கும் பழைய நிழற்படங்களை ஸ்கேன் செய்கிறார்கள். பிரிக்பீல்ட்ஸில் அரசு, ரயில்வே ஊழியர்கள் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றைக் காட்ட இனிப் படங்கள்தாம் உண்டு. அந்தப் படங்களும் நிலையானவை அல்ல. 2021 டிசம்பரில் வந்த பெருவெள்ளத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில், வீடுகளின் கீழ்த்தளங்கள் முழுவதும் நீரில் மூழ்கின. அலமாரியில் இருந்த ஆல்பமும் மேசையில் இருந்த கணினியும் வெள்ளத்துக்கு ஒன்றுதான்.

இத்திட்டத்தில் எவ்வளவு தரவு சேரும்? கணக்குப் போடுவோம்.

நிழற்படங்கள்: 3,000 படங்கள், ஒன்று 5 மெகாபைட். மொத்தம் 15 கிகாபைட்.

பேட்டிக் காணொளி: வினாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால், 8 பிட் ஒரு பைட் என்பதால், வினாடிக்கு 1 மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 மெகாபைட், அதாவது 3.6 கிகாபைட். 50 மணி நேரத்துக்கு 180 கிகாபைட்.

விவரப் பட்டியல்: யார் படம், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்புகள் ஒரு தரவுத்தளத்தில் இருக்கும். யூனிகோட் தமிழை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் தேவை. ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீடுகள் உள்ளன. ஆக 15 பைட். ஒரு படத்துக்கு 500 குறியீடு என்றால் 1,500 பைட். 3,000 படங்களுக்கு 4.5 மெகாபைட்தான்.

பணிக் கோப்புகள்: மாணவர்கள் சேர்ந்து திருத்தும் எழுத்துப்படிகள், பக்க வடிவமைப்புகள், வெட்டி ஒட்டும் துண்டுகள். இவற்றுக்கு 5 கிகாபைட் என்போம்.

கூட்டினால் ஏறத்தாழ 200 கிகாபைட். இந்த நான்கும் ‘தரவு’ என்ற ஒரே பெயரில் அழைக்கப்பட்டாலும், நான்கின் குணமும் வேறு. பட்டியல் மிகச் சிறியது, ஆனால் தினமும் மாறும். காணொளி மிகப் பெரியது, ஒருமுறை பதிவானால் மாறவே மாறாது. எந்தச் சேமிப்பு என்ற கேள்விக்கு விடை இந்தக் குணத்தில்தான் இருக்கிறது.

செங்கல்: பிளாக் சேமிப்பு

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளை அழித்தன. அதன்பின் நகரம் செங்கல்லால் கட்டப்பட்டது. அதற்காகச் செங்கல் செய்த இடமே பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் பெற்றது. பிளாக் சேமிப்பைப் புரிந்துகொள்ள அந்தச் செங்கல்லே போதும்.

இம்முறையில் வட்டு முழுவதும் ஒரே அளவுள்ள துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு துண்டு பெரும்பாலும் 4,096 பைட். ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண் உண்டு. துண்டில் இருப்பது படமா, பாட்டா, கடிதமா என்பது வட்டுக்குத் தெரியாது. “72ஆம் துண்டைக் கொடு”, “105ஆம் துண்டை மாற்று” என்ற கட்டளைகள் மட்டுமே அதற்குப் புரியும். எந்தச் செங்கல் எந்தச் சுவருக்கு உரியது என்ற கணக்கை, சர்வரில் இயங்கும் இயங்குதளம் வைத்துக்கொள்ளும்.

இதன் பெரிய பலன், சுவர் முழுவதையும் இடிக்காமல் ஒரு செங்கல்லை மட்டும் மாற்றலாம் என்பதே. பட்டியலில் ‘1962’ என்பதை ‘1963’ என்று திருத்தினால் போதும். ஓரிரு துண்டுகள் மட்டும் மீண்டும் எழுதப்படும். 4.5 மெகாபைட் பட்டியலை முழுதாக எழுதுவது 4,096 பைட் துண்டு ஒன்றை எழுதுவதைப் போல ஏறத்தாழ 1,100 மடங்கு வேலை. அதனால்தான் தரவுத்தளங்கள் பிளாக் சேமிப்பில் வைக்கப்படுகின்றன.

குறையும் உண்டு. பிளாக் வட்டு வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு சர்வருடன் மட்டுமே இணையும். இரண்டு சர்வர்கள் ஒன்றுக்கொன்று தெரியாமல் ஒரே துண்டில் எழுதினால் தரவு குழம்பிவிடும். அமேசானின் பிளாக் வட்டு ஒரே ஒரு மண்டலத்துக்குள் இருக்கும். அந்த மண்டலத்துக்கு ஆபத்து வந்தால் வட்டுக்கும் ஆபத்து. மேலும் 100 கிகாபைட் வட்டு கேட்டுவிட்டு 10 கிகாபைட் மட்டும் நிரப்பினாலும், 100க்கும் வாடகை கட்ட வேண்டும். காலி அறைக்கும் வாடகை உண்டல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. சில கிளவுட் சர்வர்களில், சர்வர் இயந்திரத்துக்குள்ளேயே பொருத்தப்பட்ட தற்காலிக வட்டு ஒன்று இருக்கும். நெட்வொர்க் வழியே போகாததால் அது மிக வேகமானது. ஆனால் சர்வரை நிறுத்தினால் அதில் உள்ளவை போய்விடும். காணொளியை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது இடையில் உருவாகும் துண்டுகளுக்கு அது நல்ல இடம். பாட்டியின் பேட்டிக்கு அது இடமில்லை.

அலமாரி: கோப்புச் சேமிப்பு

பள்ளி அலுவலகத்தில் உள்ள கோப்பு அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘2025’ என்ற தட்டு, அதில் ‘படிவம் 4’ என்ற கோப்புறை, அதற்குள் ஒரு வருகைப் பதிவேடு. பாதை தெரிந்தால் கோப்பு கிடைக்கும். அலுவலகத்தில் உள்ள அனைவரும் அதே அலமாரியைப் பயன்படுத்துவார்கள். ஒருவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தால் மற்றவர் காத்திருப்பார்.

கோப்புச் சேமிப்பும் அப்படித்தான். கோப்புறைக்குள் கோப்புறை என்ற அமைப்பை அது காக்கிறது. பல சர்வர்கள் ஒரே நேரத்தில் அதைத் திறக்கலாம். யார் எந்தக் கோப்பில் எழுதுகிறார் என்பதைக் கவனித்து, தேவையானால் பூட்டுப் போடும் வசதியும் உண்டு. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய என்எஃப்எஸ் என்ற நெறிமுறை இன்றும் இப்பணிக்குப் பயன்படுகிறது.

நம் திட்டத்தின் இணையத்தளத்தைக் கண்காட்சி நாளன்று ஆயிரக்கணக்கானோர் பார்க்கலாம். அன்று ஒரு சர்வர் போதாமல் இரண்டு சர்வர்களை ஓட்டுவோம். பக்க வடிவமைப்புக் கோப்புகள் இரண்டு சர்வருக்கும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதற்கு இந்த அலமாரி ஏற்றது. ஆனால் பூட்டு, பாதை, அனுமதி என்று எல்லாவற்றையும் கவனிக்க ஓர் எழுத்தர் எப்போதும் அலமாரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தக் கூலியும் விலையில் சேரும்.

கொள்கலன்: ஆப்ஜெக்ட் சேமிப்பு

இப்போது கிள்ளான் துறைமுகத்துக்கு வாருங்கள். அங்கே அடுக்கப்பட்டிருக்கும் கொள்கலன்களை வண்டியில் போகும்போது பார்த்திருப்பீர்கள். ஒவ்வொன்றின் மீதும் 4 எழுத்துகளும் 7 இலக்கங்களும் உள்ளன. உலகில் எந்த இரண்டு கொள்கலனுக்கும் ஒரே எண் கிடையாது. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். மற்ற எழுத்துகளையும் எண்களையும் ஒரு சூத்திரத்தில் போட்டால் அது வர வேண்டும். எண்ணை யாராவது தவறாக எழுதினால் பெரும்பாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். உள்ளே என்ன சரக்கு, எங்கிருந்து வந்தது என்ற விவரம் கூடவே வரும் பத்திரத்தில் இருக்கும்.

ஆப்ஜெக்ட் சேமிப்பில் ஒவ்வொரு கோப்பும் இப்படி மூடி முத்திரையிட்ட ஒரு கொள்கலன். அதற்கு ஒரு தனிப் பெயர், அதைப் பற்றிய விவரக் குறிப்பு, உள்ளடக்கம் பழுதாகவில்லை என்று சோதிக்க ஒரு சரிபார்ப்பு எண் ஆகியவை உண்டு. அடுக்கடுக்கான கோப்புறைகள் கிடையாது. எல்லாம் ஒரே பெரிய முற்றத்தில் இருக்கின்றன. பெயரைச் சொன்னால் கொள்கலன் வரும். சர்வர் வழியாகத்தான் போக வேண்டும் என்றில்லை. அனுமதி இருந்தால் ஓர் இணைய முகவரி மூலம் நேரடியாகவே உலாவியில் திறக்கலாம். 2006 மார்ச் 14 அன்று அமேசான் வெளியிட்ட எஸ்3 இவ்வகையில் பெயர் பெற்ற சேவை.

ஒரு கட்டுப்பாடு உண்டு. மூடிய கொள்கலனுக்குள் கைவிட்டு ஒரு பெட்டியை மட்டும் மாற்ற முடியாது. ஒரு பகுதியை மட்டும் படிக்கலாம், ஆனால் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் முழு ஆப்ஜெக்டையும் புதிதாக எழுத வேண்டும். எனவே நிமிடத்துக்கு நிமிடம் மாறும் தரவுத்தளத்தை இங்கே ஓட்டுவது தவறு. மாறாத படத்துக்கும் காணொளிக்கும் இந்தக் கட்டுப்பாடு ஒரு தடையே அல்ல.

தூரமும் வேகமும்

எந்த வகை என்பதோடு, எங்கே இருக்கிறது, எந்த வட்டு என்பவையும் முக்கியம். இயற்பியல் பாடத்தில் படித்ததை இங்கே பயன்படுத்தலாம்.

கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து சைபர்ஜெயா நேர்க்கோட்டில் 25 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 50 கிலோமீட்டர்; 0.25 மில்லிவினாடி ஆகும். சிங்கப்பூர் ஏறத்தாழ 320 கிலோமீட்டர், போய்வர 3.2 மில்லிவினாடி. அமெரிக்காவின் வர்ஜீனியா ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். போய்வர 150 மில்லிவினாடி. இவை குறைந்தபட்ச நேரங்கள். கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மை நேரம் இன்னும் கூடும்.

150 மில்லிவினாடி கண் இமைக்கும் நேரம்தானே என்று தோன்றும். ஆனால் தரவுத்தளம் ஒரு கேள்விக்கு விடை தேட, ஒன்றன்பின் ஒன்றாக 100 துண்டுகளைப் படிக்கிறது என்று வையுங்கள். சர்வர் கோலாலம்பூரிலும் வட்டு வர்ஜீனியாவிலும் இருந்தால் 100 × 150 = 15,000 மில்லிவினாடி, அதாவது 15 வினாடி காத்திருக்க வேண்டும். பிளாக் வட்டும் அதைப் பயன்படுத்தும் சர்வரும் ஒரே மண்டலத்தில் இருக்க வேண்டும் என்று அமேசான் விதித்திருப்பதன் பின்னணி இதிலிருந்தே விளங்கும்.

அடுத்து, வட்டின் வகை. சுழலும் வன்தட்டு ஒன்று நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றினால், வினாடிக்கு 120 சுற்று. ஒரு சுற்றுக்கு 8.33 மில்லிவினாடி. தேடும் துண்டு ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.17 மில்லிவினாடி ஆகும். ஊசி சரியான தடத்துக்கு நகர இன்னும் 8 மில்லிவினாடி என்போம். ஒரு துண்டுக்கு ஏறத்தாழ 12 மில்லிவினாடி. சிதறிக் கிடக்கும் 100 துண்டுகளைப் படிக்க 1.2 வினாடி. அசையும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒரு துண்டை 0.1 மில்லிவினாடியில் தந்தால், அதே 100 துண்டுக்கும் 0.01 வினாடி போதும்.

ஆனால் ஒரு மணி நேரக் காணொளி அடுத்தடுத்த இடங்களில் வரிசையாகப் பதிவாகியிருந்தால் ஊசி அங்குமிங்கும் ஓட வேண்டியதில்லை. வினாடிக்கு 150 மெகாபைட் தரும் சாதாரண வன்தட்டே 3,600 மெகாபைட்டை 24 வினாடியில் படித்துவிடும். பார்ப்பவருக்கு அதைக் காண ஒரு மணி நேரம் வேண்டும்! ஆகவே சிதறிய சிறு தரவுக்கு எஸ்எஸ்டி. வரிசையான பெரிய தரவுக்கு விலை குறைந்த வட்டே போதும்.

விலை

ஒப்பிடுவதற்காக, அமேசானின் வர்ஜீனியா வட்டாரத்தில் நீண்ட நாளாக இருந்துவரும் பட்டியல் விலையை எடுத்துக்கொள்வோம். ஒரு கிகாபைட்டுக்கு ஒரு மாத வாடகை: ஆப்ஜெக்ட் 0.023 டாலர், எஸ்எஸ்டி பிளாக் 0.08 டாலர், கோப்புச் சேமிப்பு 0.30 டாலர். எப்போதாவது மட்டும் எடுக்கும் பொருளுக்கான ஆழ்காப்பக ஆப்ஜெக்ட் வகை 0.00099 டாலர். விலைகள் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும். நீங்கள் கவனிக்க வேண்டியது விகிதத்தை.

நம் 200 கிகாபைட் முழுவதையும் கோப்புச் சேமிப்பில் வைத்தால் மாதம் 60 டாலர். பிளாக்கில் வைத்தால் 16 டாலர். ஆப்ஜெக்டில் வைத்தால் 4.60 டாலர். ஆழ்காப்பகத்தில் வைத்தால் ஏறத்தாழ 0.20 டாலர். ஆனால் ஆழ்காப்பகத்தில் உள்ளதைத் திரும்ப எடுக்க வழக்கமான முறையில் 12 மணி நேரம் வரை ஆகும். எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. பாட்டியின் பேரன் இணையத்தளத்தில் பேட்டியை அழுத்திவிட்டு 12 மணி நேரம் காத்திருக்க மாட்டான். விலையை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் தவறாகிவிடும்.

தொலைந்துபோனால்?

இதுதான் கடைசியாகக் கேட்கப்படும் கேள்வி. ஆனால் முதலில் கேட்கப்பட வேண்டியது.

எஸ்3 சேவை ஒரு பொருளை வழக்கமான வகையில் குறைந்தது மூன்று மண்டலங்களில் பரப்பி வைக்கிறது. ஓராண்டில் ஒரு பொருள் தொலையாமல் இருக்கும் வாய்ப்பு 99.999999999 விழுக்காடு என்ற இலக்குடன் அது வடிவமைக்கப்பட்டதாக நிறுவனம் கூறுகிறது. மொத்தம் பதினொரு ஒன்பதுகள். அதாவது தொலையும் வாய்ப்பு 10,000 கோடியில் ஒன்று. ஒரு கோடிப் பொருள்களை வைத்தால், சராசரியாக 10,000 ஆண்டுக்கு ஒன்று தொலையலாம். வழக்கமான எஸ்எஸ்டி பிளாக் வட்டுக்கு அதே நிறுவனம் சொல்லும் கணக்கு, 1,000 வட்டுகளில் ஆண்டுக்கு 1 அல்லது 2 பழுதாகலாம் என்பது. நம் கணினியை விட இது பாதுகாப்பானதே. ஆனாலும் அந்த ஒன்று நம் வட்டாக இருந்தால், மற்ற 999 நல்ல வட்டுகளால் நமக்குப் பயனில்லை.

இந்தக் கணக்குகள் அனைத்தும் வட்டு பழுதாவதைப் பற்றியவை. தீயும் மனிதத் தவறும் வேறு கணக்கு.

2025 செப்டம்பர் 26 இரவு, தென்கொரியாவின் தேஜோன் நகரில் அரசாங்கத் தரவு மையத்தில் மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பற்றியது. 600க்கும் மேற்பட்ட அரசாங்கச் சேவைகள் நின்றன. மற்றவை படிப்படியாக மீண்டன. ஆனால் அரசு ஊழியர்கள் தங்கள் பணிக் கோப்புகளை வைத்திருந்த ‘ஜி-டிரைவ்’ எரிந்துபோனது. அதிலிருந்த 858 டெராபைட்டுக்கு வேறிடத்தில் நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே நகல் எடுக்கப்படவில்லை என்று அங்கே விளக்கம் தரப்பட்டது. மேலே பார்த்த ஆழ்காப்பக விலையில் கணக்கிட்டுப் பாருங்கள்: 8,58,000 கிகாபைட் × 0.00099 = ஏறத்தாழ 849 டாலர், ஒரு மாதத்துக்கு. அரசாங்கக் கோப்புகளை வெளி நிறுவனத்திடம் கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. ஆனால் பெரிய அளவு என்பதற்காக மட்டும் நகல் எடுக்க முடியாமல் போவதில்லை என்பதை இந்தப் பெருக்கல் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே வகையில், ஒரே கட்டடத்தில் வைத்ததே பிரச்சினை.

இதற்கு எதிர்மாறான நிகழ்வு 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில் நடந்தது. 6 லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியம் கூகள் கிளவுடில் இயங்கியது. அமைக்கும்போது ஓர் இடம் நிரப்பப்படாமல் விடப்பட்டதால், குறித்த காலம் முடிந்ததும் அதன் அமைப்பு தானாகவே அழிக்கப்பட்டது. அது இரண்டு மண்டலங்களில் பரவி இயங்கிய அமைப்பு. அழிப்புக் கட்டளை இரண்டுக்கும் சேர்ந்தே போனது. சேவை ஒரு வாரத்துக்கும் மேல் தடைப்பட்டது. ஆனால் தரவு மீண்டது. காரணம், காப்பு நகல்கள் தனியே ஆப்ஜெக்ட் சேமிப்பில் இருந்தன. வேறு ஒரு நிறுவனத்தின் காப்புநகல் மென்பொருளையும் நிதியம் பயன்படுத்தி வந்தது.

இரண்டு நிகழ்வும் ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கின்றன. பரவல் நகல் வேறு, காப்பு நகல் வேறு. பரவல் நகல் என்பது மூலத்தோடு ஒட்டி ஓடும் நிழல். மூலத்தில் ஒரு படத்தை அழித்தால் நிழலிலும் அழியும். காப்பு நகல் என்பது நேற்றைய நிலையை வேறோர் இடத்தில் வைத்திருப்பது. பதினொரு ஒன்பது இருந்தாலும், உங்கள் கை தவறி அழித்ததை அது காப்பாற்றாது. ஆப்ஜெக்ட் சேமிப்பில் பழைய பதிப்புகளையும் வைத்திருக்கும் வசதி உண்டு. அதை நாம்தான் இயக்கி வைக்க வேண்டும்.

நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய 3-2-1 விதி எளிது: மூன்று நகல்கள், இரண்டு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு இடத்தில்.

நம் திட்டத்துக்கு விடை

நான்கு கேள்விகளை ஒவ்வொரு தரவிடமும் கேட்போம். அது அடிக்கடி மாறுமா? எத்தனை சர்வர்கள் அதைத் தொடும்? எவ்வளவு விரைவாக வேண்டும்? தொலைந்தால் மீண்டும் உருவாக்க முடியுமா?

விவரப் பட்டியல் அடிக்கடி மாறும், ஒரு சர்வரே தொடும், விரைவாக வேண்டும். எனவே 10 கிகாபைட் எஸ்எஸ்டி பிளாக் வட்டு: 0.80 டாலர். தினமும் இரவு அதன் காப்பு நகல் ஒன்று ஆப்ஜெக்ட் சேமிப்புக்குப் போகும். அது மிகச் சிறியது என்பதால் செலவு கணக்கில் வராது.

பணிக் கோப்புகளை இரண்டு சர்வர்கள் பகிரும். எனவே 5 கிகாபைட் கோப்புச் சேமிப்பு: 1.50 டாலர்.

படமும் காணொளியும் மாறாது, பலர் பார்ப்பார்கள், தொலைந்தால் மீண்டும் உருவாக்க முடியாது. எனவே 195 கிகாபைட் ஆப்ஜெக்ட் சேமிப்பு: 4.49 டாலர்.

இவை அனைத்தின் இன்னொரு நகல், வேறு நாட்டு வட்டாரத்தில், ஆழ்காப்பகத்தில்: ஏறத்தாழ 0.20 டாலர்.

மொத்தம் மாதம் ஏறத்தாழ 7 டாலர். சர்வர் வாடகையும், பார்வையாளர்கள் பதிவிறக்கும்போது வரும் கட்டணமும் இதில் சேரவில்லை. எல்லாவற்றையும் பிளாக்கில் போட்டிருந்தால் 16 டாலர் கட்டி, ஒரே மண்டலத்தில் ஒரே நகலோடு இருந்திருப்போம். இப்போது பாதி விலைக்கும் குறைவாக, கூடுதல் பாதுகாப்பு கிடைக்கிறது. மூன்றாவது நகலாக ஒரு வெளிவட்டில் பதிந்து, பள்ளியின் மேல்மாடியில் வைக்கலாம். கீழ்த்தளத்தில் வேண்டாம், காரணம் கிள்ளான்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்றும் செய்ய வேண்டும். தவணைக்கு ஒருமுறை, காப்பு நகலிலிருந்து ஐந்து படங்களை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத நகலை நகல் என்று எண்ணக்கூடாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் கைப்பேசியில் உள்ள படங்கள், புலனக் குழுவில் வந்த குரல் பதிவுகள், எஸ்.பி.எம். குறிப்புகள் ஆகிய மூன்றிடமும் மேலே உள்ள நான்கு கேள்விகளைக் கேட்டு, எது எந்த வகைச் சேமிப்புக்கு ஏற்றது என்று அட்டவணை போடுங்கள்.

2. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் வன்தட்டில் அரைச் சுற்றுக்கு எவ்வளவு நேரம்? (விடை: ஏறத்தாழ 5.56 மில்லிவினாடி.)

3. ‘கிள்ளான்’ என்ற சொல் யுடிஎஃப்-8 முறையில் எத்தனை பைட்? ஒவ்வொரு குறியையும் புள்ளியையும் தனியே எண்ணுங்கள். (விடை: 8 குறியீடுகள், 24 பைட்.)

4. உங்கள் வீட்டில் ஒரே ஒரு நகல் மட்டும் உள்ள பழைய படம் எது? அதை இந்த வாரமே ஸ்கேன் செய்து, மூன்று இடங்களில் வையுங்கள். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பெயர்களையும் குறித்து வையுங்கள். அந்தப் பெயர்களுக்குச் சில நூறு பைட்டே தேவை. ஆனால் அவற்றைச் சொல்லக்கூடியவர் இன்று உங்கள் வீட்டில் இருக்கும் பாட்டியோ தாத்தாவோ மட்டுமாக இருக்கலாம்.